பரோட்டா ஊர்ல பொறந்து சீலியாக்கோட வாழ்றது: நம்ம வீட்டு அடுப்படிக்கு ஒரு கைடு

மதுரைக்காரிகிட்ட போய் "இனிமே ஆயுசுக்கும் பரோட்டா கூடாது"ன்னு ஒரு டாக்டர் சொன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. எனக்கு அப்ப 34 வயசு. அதுக்கு முன்னாடி ஆறு வருஷமா ரத்தசோகை, இரும்புச்சத்து மாத்திரையா முழுங்கிட்டு இருந்தேன், ஹீமோகுளோபின் 8 தாண்டவே தாண்டாது, வயிறு எப்ப பாத்தாலும் உப்பிக் கிடக்கும், பஸ்ல வெளியூர் போறதுன்னாலே பாத்ரூம் எங்க இருக்குன்னுதான் மொதல்ல தேடுவேன். பேரீச்சம்பழம் சாப்பிடும்மா, முருங்கைக்கீரை சாப்பிடும்மா, டென்ஷன் ஆகாதம்மான்னு பாத்தவங்க எல்லாம் சொல்லி அனுப்பிட்டாங்க. கடைசியா ஒரு வயசான டாக்டர்தான் "சாப்பிடுற இரும்பு எல்லாம் எங்கம்மா போகுது?"ன்னு கேட்டு ஒரு ரத்த டெஸ்ட் எழுதினாரு.

சீலியாக் இருக்கிறவங்களுக்கு கோதுமை, பார்லி, ரைங்கிற மேல்நாட்டு தானியம் இந்த மூணுலயும் இருக்கிற க்ளூட்டன்ங்கிற புரதம் உள்ள போனா நம்ம எதிர்ப்பு சக்தியே நம்ம சிறுகுடலை அடிக்க ஆரம்பிச்சுடும். குடலோட உள்பக்கம் டர்க்கி டவல் மாதிரி குட்டிக் குட்டியா நீட்டிக்கிட்டு இருக்கிறதெல்லாம் தேஞ்சு வழவழன்னு ஆயிடும், அப்புறம் இரும்பு, கால்சியம், ஃபோலிக் ஆசிட் எதையும் சரியா உறிஞ்ச முடியாது. வயித்துப்போக்கு இருந்தே ஆகணும்னு இல்ல, எனக்கு மாதிரி வெறும் ரத்தசோகையா வரலாம், எலும்பு தேய்மானமா வரலாம், குழந்தைங்க வளராம நிக்கலாம், சிலருக்கு முழங்கை முழங்கால்ல அரிப்போட கொப்புளமா வரும். இதுக்கு மாத்திரை கிடையாது, சாப்பாடுதான் மருந்து.

"இது வடக்கத்திக்காரங்க வியாதியாச்சே, உனக்கு எப்படி?"ன்னு நிறைய பேர் கேட்டாங்க. அதுல பாதி உண்மை இருக்கு. 2016ல வந்த ஒரு பெரிய ஆய்வுல நாட்டோட மூணு பகுதியில ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, சீலியாக்குக்கான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) வடக்க 1.23 சதவீதம் பேருக்கு, தெற்க 0.10 சதவீதம் பேருக்குத்தான் இருந்துச்சு. அதுக்குக் காரணமான மரபணு நமக்கும் கிட்டத்தட்ட அதே அளவு இருக்கு, ஆனா நாம சோறு திங்கிற கூட்டம். இப்ப வீட்டுக்கு வீடு ராத்திரி சப்பாத்தி வந்தாச்சு, அதனால இங்க வராதுன்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது.

டெஸ்டுக்கு முன்னாடி கோதுமையை நிறுத்தாதீங்க

இதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க, மத்தது எல்லாம் பின்னாடி பாத்துக்கலாம். சந்தேகம் வந்த உடனே வீடியோ பாத்துட்டு கோதுமையை நிறுத்திட்டு அப்புறம் டெஸ்டுக்குப் போனா ரிசல்ட் நார்மல்னு வந்துடும், ஏன்னா தாக்குதல் நின்னதும் எதிர்ப்பொருள் கொறைஞ்சுடும். ஏற்கனவே நிறுத்தியிருந்தா டாக்டர் சொல்றபடி குறைஞ்சது 6 வாரம் தினமும் ஒரு வேளைக்கு மேல கோதுமை சாப்பிட்டுட்டுத்தான் டெஸ்ட் எடுக்கணும், அது கொடுமைதான், ஆனா வேற வழி இல்ல. டெஸ்ட் பேரு டிடிஜி ஐஜிஏ. கூடவே மொத்த ஐஜிஏ அளவும் பாக்கச் சொல்லுங்க, ஐஜிஏங்கிறது ஒரு வகை எதிர்ப்பொருள், சிலருக்கு அதுவே உடம்புல கம்மியா இருக்கும், அப்ப டெஸ்ட் பொய் சொல்லிடும். அதுக்கப்புறம் பெரியவங்களுக்கு பொதுவா எண்டோஸ்கோப்பி பண்ணி குடல்ல இருந்து கொஞ்சமா சதை எடுத்துப் பாப்பாங்க. பயப்பட ஒண்ணும் இல்ல, பத்து நிமிஷம், நான் முடிச்சிட்டு வந்து வெளியில காபி குடிச்சேன்.

உங்களுக்கு உறுதி ஆச்சுன்னா அம்மா அப்பா, கூடப்பொறந்தவங்க, புள்ளைங்க எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கணும், நெருங்கின ரத்த சொந்தத்துல பத்துல ஒருத்தருக்கு இருக்கலாம். எங்க வீட்டுல என் தம்பிக்கும் இருந்துச்சு, அவனுக்கு ஒரு தொந்தரவும் இல்ல, அவன் இன்னும் என்னை மன்னிக்கல.

நல்ல சேதி மொதல்ல

கோதுமை தேசத்துல இருக்கிறவங்க பிரட்டுக்கு மாத்து தேடி அலையுறாங்க, நமக்கு அந்தக் கஷ்டம் கம்மி. இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, அடை, பணியாரம், கொழுக்கட்டை, வெண்பொங்கல், களி, கூழ் எல்லாமே அரிசியும் பருப்பும் சிறுதானியமும்தான். கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, ஜவ்வரிசி, கிழங்கு, எல்லா பருப்பும், பாலும், முட்டையும், மீனும், கறியும் தாராளமா சாப்பிடலாம். (ஆரம்பத்துல சிலருக்கு பால் ஒத்துக்காது, குடல் ஆறுறவரைக்கும் அப்படித்தான், அப்புறம் சரியாகும்.)

கூடாதது என்னன்னா கோதுமை, மைதா, ரவை, கோதுமை ரவை, சேமியா, பார்லி. சம்பா கோதுமை நாட்டு ரகமாச்சே, ஆர்கானிக் ஆச்சே, முளைகட்டினதாச்சேன்னு யாராவது வந்தா கும்பிட்டு அனுப்பிடுங்க, எந்த ரகமா இருந்தாலும் கோதுமை கோதுமைதான். கால் வீக்கத்துக்கு பாட்டி குடுக்கிற பார்லி தண்ணியும் கிடையாது. ஹார்லிக்ஸ், பூஸ்ட் எல்லாம் மால்ட்டுல செய்யறது, மால்ட்டுன்னா முளைகட்டின பார்லி, அதனால அதுவும் போச்சு. பீரும் அதே கதைதான், ஊட்டுக்காரருக்கு இருந்தா சொல்லி வைங்க. கடையில வாங்குற சத்துமாவுல பெரும்பாலும் கோதுமையும் பார்லியும் இருக்கும், ஆரோக்கியம்னு நெனச்சு நான் அதைத்தான் ரெண்டு வருஷம் கஞ்சி காய்ச்சிக் குடிச்சிருக்கேன்! ஓட்ஸ் தனி விஷயம், நிறைய பேருக்கு ஒத்துக்கும், ஆனா கோதுமை கலக்காம கிடைக்கிறது கஷ்டம், மொத வருஷம் தொடாதீங்க, அப்புறம் க்ளூட்டன் ஃப்ரீன்னு போட்டதா பாத்து டாக்டரைக் கேட்டுட்டு பாத்துக்கலாம்.

பெருங்காயம்

இப்ப சொல்லப் போறதுதான் நான் இதை எழுதவே காரணம். பரோட்டாவை நிறுத்தி, ரவையை நிறுத்தி, ஆறு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா என் எதிர்ப்பொருள் அளவு பாதிகூட கொறையல. டயட்டீஷியன் என்னை உக்கார வெச்சு ஒவ்வொண்ணா கேட்டாங்க, கடைசியில வீட்டு பெருங்காய டப்பாவை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க. பின்பக்கம் பொடி எழுத்துல கோதுமை மாவுன்னு போட்டிருந்துச்சு.

சுத்தமான பெருங்காயம் ஒரு செடியோட பால், பிசின் மாதிரி ஒட்டும், நாத்தம் வீட்டைத் தூக்கும். அதை அப்படியே விக்க முடியாதுன்னு கருவேலம் பிசினும் மாவும் கலந்து கூட்டுப் பெருங்காயமா விக்கிறாங்க, அந்த மாவு பல பிராண்டுல கோதுமை. தூள்ல மட்டும் இல்ல, கட்டியிலயும்தான்.

"ஒரு சிட்டிகைதானேம்மா, அதுல என்ன வந்துடப் போகுது"ன்னு எங்க அத்தை கேட்டாங்க. நியாயமான கேள்விதான், அதனால நானும் அத்தையும் உக்காந்து கணக்குப் போட்டோம். ஒரு குழம்புக்கு அரை கிராம் தூள்னு வெச்சுக்கங்க, அதுல பாதி மாவுன்னு வெச்சா 250 மில்லிகிராம், கோதுமை மாவுல பத்துல ஒரு பங்கு கிட்ட க்ளூட்டன், அப்ப 25 மில்லிகிராம், அஞ்சு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 5. ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள்ள இருந்தா பெரும்பாலானவங்களுக்கு குடல் தாங்கும்னு சொல்றாங்க. சரி 5தானே, பாஸ்னு தோணும், ஆனா நம்ம சாப்பாட்டுல சாம்பார்ல பெருங்காயம், ரசத்துல பெருங்காயம், மோர்ல, ஊறுகாய்ல, இட்லிப் பொடியில, அப்பளத்துல! கணக்கு முடிஞ்சதும் அத்தை ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போய் டப்பாவை எடுத்து பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டாங்க.

இதுக்கு மூணு வழி இருக்கு. அரிசி மாவு கலந்த பெருங்காயம் கிடைக்குது, லேபிள் படிச்சு வாங்குங்க, ஒவ்வொரு தடவையும் படிங்க. இல்லன்னா நாட்டு மருந்துக் கடையில பால் பெருங்காயம்னு கேட்டு மாவு கலக்காததான்னு உறுதி பண்ணிட்டு வாங்கி, மிளகு அளவு கிள்ளி வெந்நீர்ல கரைச்சு ஊத்துங்க, ரொம்ப ஸ்ட்ராங், கை தவறினா குழம்பு மருந்து மாதிரி ஆயிடும். மூணாவது வழி, பூண்டு தட்டிப் போட்டு தாளிச்சுட்டு பெருங்காயத்தை மறந்துடுறது. சாம்பார் பொடி, ரசப்பொடி, இட்லிப்பொடி வீட்டுலயே அரைங்க. ஊறுகாயும்.

மாவு மில்

பெருங்காயத்துக்கு அடுத்த வில்லன் தெருமுனை மில்லு. உங்களுக்கு முன்னாடி ஒரு அக்கா 5 கிலோ கோதுமை அரைச்சிட்டுப் போயிருப்பாங்க, அதே மெஷின்ல உங்க அரிசி விழுந்தா மொத வர்ற மாவுல அவங்க கோதுமையும் சேந்துதான் வரும். "தள்ளு மாவு எடுத்துட்டுப் போடுங்கண்ணே"ன்னு சொன்னாலும் அந்தத் துணிப்பைக்குள்ள ஒட்டி இருக்கிறது போகாது. நான் இப்ப பச்சரிசியைக் கழுவி ஊற வெச்சு, துணியில உலத்தி, லேசா ஈரம் இருக்கும்போதே மிக்ஸியில அரைச்சு சலிச்சு வறுத்து வெச்சுக்கிறேன், இடியாப்பத்துக்கு இதைவிட நல்ல மாவு கடையில கிடையாது. கேழ்வரகு, கம்பும் மிக்ஸிலயே கொஞ்சம் கொஞ்சமா அரைக்கலாம். காசு இருந்தா வீட்டுக்குன்னு சின்ன மாவு மெஷின் வாங்கி அதுல கோதுமையை நுழைய விடாதீங்க.

கடலை மாவும் அப்படித்தான், அரைக்கிற இடத்துல கலக்கும், நான் கடலைப்பருப்பு வாங்கி வீட்டுல அரைக்கிறேன். சிறுதானியம் வாங்கினா ஒரு தட்டுல பரப்பிப் பாத்துட்டு கழுவுங்க, எனக்கு ஒரு தடவை தினையில நாலு கோதுமை மணி கிடைச்சுது.

பாக்கெட்ல க்ளூட்டன் ஃப்ரீன்னு போடணும்னா நம்ம உணவு பாதுகாப்பு ஆணையம் விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல க்ளூட்டன் இருக்கக் கூடாது. லோ க்ளூட்டன்னு போட்டா அது 20ல இருந்து 100 வரைக்கும், அது நமக்கு இல்ல. க்ளூட்டன் ஃப்ரீ பிஸ்கட், கேக் எல்லாம் விலை கண்ணைக் கட்டும், பாதி சக்கரையும் ஸ்டார்ச்சும்தான். ஆசைக்கு எப்பவாவது சாப்பிடுங்க.

ஒரே அடுப்படி, ரெண்டு சாப்பாடு

எங்க மாமாவுக்கு சுகர், ராத்திரி சப்பாத்தி இல்லாம முடியாது. அதனால வீட்டுல கோதுமையே வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. பண்ணினது என்னன்னா, எனக்குன்னு தனி தோசைக்கல் (பழைய இரும்புக் கல்லுல ஏறின கோதுமையை எப்படித் தேய்ச்சாலும் நம்ப முடியாது), தனி சல்லடை, தனி மரக்கரண்டி, தனி இடியாப்ப அச்சு, தனி வடிகட்டி. எல்லாத்துக்கும் பிடியில சிவப்பு நூல் கட்டி வெச்சேன். எவர்சில்வர் பாத்திரம் நல்லா கழுவினா போதும், அதுக்குத் தனி தேவையில்ல. சப்பாத்தி மாவு பிசையும்போது பறக்கிற தூசிதான் தொல்லை, அதனால என் சமையலை மொதல்ல முடிச்சு மூடி வெச்சுட்டு அப்புறம்தான் மாமாவுக்கு மாவு பிசையறது. வெண்ணெய், ஜாம் பாட்டில் தனி, ஏன்னா பிரட்டுல தடவின கத்தி திரும்ப உள்ள வரும். பூரி பொரிச்ச எண்ணெய்ல அப்பளம் பொரிக்காதீங்க.

ரொட்டி ஏக்கம் வந்தா சோள ரொட்டி பண்ணுங்க (வெள்ளைச் சோளம், கார்ன்ஃப்ளவர் இல்ல). ஒரு கப் தண்ணியை உப்பு போட்டு தளதளன்னு கொதிக்க விட்டு அடுப்பை அணைச்சு ஒரு கப் சோள மாவைக் கொட்டிக் கிளறி பத்து நிமிஷம் மூடி வைங்க, கை பொறுக்கிற சூட்டுல அழுத்தி அழுத்தி பிசையுங்க. க்ளூட்டன்தான் மாவை இழுக்க வைக்கிறது, அது இல்லாததால இந்த வெந்நீரும் பிசையறதும்தான் அந்த வேலையைப் பாக்கும், பச்சத்தண்ணியில பிசைஞ்சா விரிசல் விட்டு மேப் மாதிரி வரும். ஒரு ஸ்பூன் இசப்கோல் சேத்தா இன்னும் நல்லா சேரும். வாழையிலையில எண்ணெய் தடவி தட்டி, கல்லுல போட்டு மேல கொஞ்சம் தண்ணி தடவி திருப்புங்க. மொத ரெண்டு ரொட்டி யாருக்கும் நல்லா வராது.

கேசரிக்கு அரிசி ரவை இல்ல தினை, பாயசத்துக்கு ஜவ்வரிசி, உப்புமாவுக்கு அரிசி ரவையில துவரம்பருப்பும் மிளகும் உடைச்சுப் போட்டு தேங்காய் எண்ணெய்ல, இந்த அரிசி உப்புமா சாப்பிட்டவங்க ரவா உப்புமாவை எப்படி மதிக்கிறாங்கன்னு எனக்குப் புரியல.

வெளிய சாப்பிடும்போது

ஹோட்டல்ல போய் "க்ளூட்டன் அலர்ஜி"ன்னா சர்வருக்குப் புரியாது. "கோதுமை, மைதா, ரவை எதுவும் படக்கூடாது, பட்டா ஆஸ்பத்திரி"ன்னு சொல்லுங்க, புரியும். தோசை சாதுவாத் தெரியும், ஆனா அதே கல்லுல முன்னாடி ரவா தோசை ஊத்தியிருப்பாங்க, மெதுவடையில சில இடத்துல மைதா சேப்பாங்க, சாம்பார் சொல்லவே வேணாம். எனக்கு சரிப்பட்டு வர்றது இட்லி தேங்காய் சட்னி (தாளிப்புல பெருங்காயம் இருக்கான்னு கேட்டுட்டு), அவிச்ச முட்டை, வெறும் சோறு தயிர், இளநீர், பழம். கோபி 65, சிக்கன் 65ல மைதா இருக்கும், சோயா சாஸ்ல கோதுமை உண்டு, அதனால ஃப்ரைட் ரைஸும் வேணாம். ஐஸ்க்ரீம் கப்புல வாங்குங்க, கோன் வேணாம்.

கல்யாணத்துல சமையல்காரர்கிட்ட முன்னாடியே பேசிட்டு மொத பந்தியில உக்காந்துடுங்க, கரண்டிகள் இடம் மாறாத நேரம் அதுதான். ஆனாலும் சாம்பாருக்கு வழி கிடையாது, நான் பையில ஒரு டப்பா பருப்புப்பொடியும் நெய்யும் கொண்டு போயிடுவேன், மொதல்ல வெக்கமா இருந்துச்சு, இப்ப பக்கத்து இலைக்காரங்க எனக்கும் கொஞ்சம்னு கேக்குறாங்க. கோயில்ல சக்கரைப்பொங்கல் ஓகே, புளியோதரையில பெருங்காயம், கண்ணுல ஒத்திட்டு பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் குடுத்துடுவேன். கத்தோலிக்கத் தோழி ஒருத்திக்கும் சீலியாக், பூசையில குடுக்கிற அப்பம் கோதுமையிலதான் செய்யணும்னு சபை விதி, க்ளூட்டன் ரொம்பக் கம்மியான அப்பத்துக்கு அனுமதி இருக்கு, இல்ல திராட்சை ரசம் மட்டும் வாங்கிக்கலாம், அவ பங்குத்தந்தைகிட்ட பேசி ரெண்டாவதை எடுத்துக்கிட்டா.

இலங்கைத் தமிழர் வீட்டுக்கு விருந்துக்குப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை, அங்க புட்டும் இடியப்பமும் கோதுமை மாவுலயும் அவிப்பாங்க, பாத்தா தெரியாது, கேட்டுட்டு கை வைங்க. விமானத்துல டிக்கெட் போட்டதும் க்ளூட்டன் ஃப்ரீ மீல்னு பதிஞ்சு வைங்க, கடைசி நேரத்துல கேட்டா கிடைக்காது, பையில எப்பவும் பொரி உருண்டையும் கடலைமிட்டாயும் இருக்கட்டும்.

குழந்தைக்கு இருந்தா கிளாஸ் டீச்சர்கிட்ட எழுதிக் குடுங்க, பிறந்தநாள் கேக் வர்ற அன்னிக்கு குடுக்க ஒரு டப்பா வீட்டு எள்ளுருண்டையை டீச்சர் மேஜையிலயே வெச்சுடுங்க. விளையாடுற களிமண் மாவுல சிலது கோதுமையில செஞ்சது, கையை வாய்ல வைக்கிற வயசுன்னா கவனிங்க.

தப்பித்தவறி சாப்பிட்டுட்டா பதறாதீங்க, வாந்தி எடுக்க வைக்காதீங்க, தண்ணி, கஞ்சி, ஓய்வு, ரெண்டு மூணு நாள்ல அடங்கும். தொந்தரவு ஒண்ணும் வரலையேன்னு "எனக்கு கொஞ்சம் தாங்கும்"னு மட்டும் முடிவு பண்ணாதீங்க, வயிறு சும்மா இருந்தாலும் குடல்ல தேய்மானம் நடக்கும். புது மாத்திரை எழுதினா கோதுமை ஸ்டார்ச் இருக்கான்னு மருந்துக்கடையில கேளுங்க. 6 மாசத்துல ஒரு டிடிஜி, 12 மாசத்துல இன்னொண்ணு, அப்புறம் வருஷா வருஷம், கூடவே இரும்பு, பி12, விட்டமின் டி, தைராய்டு. எலும்பு ஸ்கேன் தேவையான்னு டாக்டரைக் கேளுங்க. பெரியவங்களுக்கு குடல் முழுசா ஆற ரெண்டு வருஷம் கூட ஆகலாம். எனக்கு பெருங்காயம் போனதுக்கு அப்புறம் ஒன்பதாவது மாசம் ஹீமோகுளோபின் 11.6.

பரோட்டாவுக்கு மாத்து இருக்கான்னு கேப்பீங்க. நேர்மையா சொல்றேன், இல்ல. மரவள்ளி மாவு, அரிசி மாவு எல்லாம் போட்டு நானும் வீசிப் பாத்தேன், சுவத்துல ஒட்டுச்சு. ஆனா எனக்கு உண்மையில வேண்டியிருந்தது சால்னாதான்னு ஒரு நாள் புரிஞ்சுது. தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு அரைச்சு, பட்டை கிராம்பு தாளிச்சு, தக்காளி வெங்காயம் நல்லா வதக்கி, எண்ணெய் பிரிஞ்சு மேல மிதக்கிறவரைக்கும் கொதிக்க விட்டு, ரெண்டு ஆப்பத்தைப் பிச்சுப் போட்டு மேல ஊத்தி அஞ்சு நிமிஷம் ஊற விடுங்க. ஞாயித்துக்கெழமை ராத்திரி எங்க வீட்டுல மாமா உட்பட எல்லாருக்கும் இப்ப அதுதான், சப்பாத்திக்கு அன்னிக்கு லீவு.